பாடும் பிள்ளையை அடக்காதீர்கள்!



பிறருக்கு அறிவுரை கூறும் தகுதி தமக்கு உண்டு என்று எண்ணி எழுதுவோர் பலர். நான் அத்தகுதியை இழந்தவன் என்பதனாலேயே இதனை எழுதுகிறேன். என் வீட்டில் நான் செய்த தவறு உங்கள் வீட்டிலும் நிகழ்ந்துவிடக் கூடாதே என்னும் கவலையைத் தவிர வேறு நோக்கம் எனக்கில்லை. என் ஊர் குமரி மாவட்டத்துக் குளச்சல். முப்பதாண்டுக் காலம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான்.

சென்ற ஆண்டு என் இளைய மகள் பிள்ளைப்பேற்றுக்காக எங்கள் வீட்டிற்கு வந்து தங்கியிருந்தாள். குழந்தைக்கு நான்கு மாதம். மஃரிபுக்குப் பின் அது உறக்கத்திற்கு அழத் தொடங்கும். மகள் ஒரு கையால் சேலைத் தொட்டிலை ஆட்டுவாள்; மறு கையால் கைப்பேசியைத் தொட்டிலருகே பிடித்துக்கொள்வாள். அதிலிருந்து முகம் தெரியாத ஒரு பெண் தாலாட்டுப் பாடுவாள். பாட்டு முடியும் தறுவாயில் ஏதோ ஒரு விளம்பரம் பெருங்குரலில் ஒலிக்கும். கண்ணயர்ந்த குழந்தை திடுக்கிட்டு வீறிடும். மீண்டும் தொட்டில், மீண்டும் கைப்பேசி.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "ஏன் மக்களே, நீயே பாடினால் என்ன?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான் பாட வராதே, வாப்பா! நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்றாள் அவள்.

அவள் குரலில் கோபமும் இல்லை, குறையும் இல்லை. அதுதான் என் நெஞ்சைத் தைத்தது. தன் உயரம் இவ்வளவு என்று கூறுபவளைப் போல, மாற்ற இயலாத ஓர் உண்மையைக் கூறுபவளாகவே அதைச் சொன்னாள்.

நான் சொன்ன சொல்

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. எழுந்தது முதல் உறங்கும்வரை ஏதேனும் ஒன்றைப் பாடிக்கொண்டே இருப்பாள். மதரஸாவில் கற்ற பைத்து, பள்ளியில் கற்ற பாட்டு, தானே கட்டிய பொருளற்ற சொற்கள், எல்லாம் அவள் வாயில் பாட்டாக வரும். பெருநாளை ஒட்டி ஒருநாள் உறவினர் சிலர் வந்திருந்தனர். அவர்கள் முன் மகளைப் பெருமைப்படுத்த எண்ணி, "வா, நாம் இருவரும் சேர்ந்து பாடுவோம்" என்று அழைத்து, நானே பாட்டை எடுத்தேன். என் குரல் கனத்த குரல். முதல் அடியிலேயே குழந்தை தடுமாறினாள். கீழே இறங்கி என்னைத் தொட முயன்றாள், குரல் கரகரத்தது. மேலே தாவினாள், பாட்டை விட்டு விலகிற்று. வந்திருந்தோர் சிரித்தனர். எனக்கு வெட்கமாகிவிட்டது. "உனக்குப் பாட வராது. இனிப் பாடாதே!" என்று அனைவர் முன்னிலையிலும் கூறிவிட்டேன்.

சொன்னவன் அன்றே மறந்துவிட்டேன். கேட்டவள் இருபது ஆண்டுகள் சுமந்திருக்கிறாள்.

வாசகர்களே, எண்ணிப் பாருங்கள்! வகுப்பறையில் ஒரு பிள்ளை ஏழையும் எட்டையும் கூட்டிப் பதினாறு என்று எழுதினால், "உனக்குக் கணக்கு வராது, இனி எண்ணாதே" என்று எந்த ஆசிரியனாவது கூறுவானா? மீண்டும் கூட்டச் சொல்லுவான். விரலை மடக்கிக் காட்டுவான். முப்பதாண்டுகள் அதைத்தானே நான் செய்தேன்! ஆனால் பாட்டில் மட்டும், ஒருமுறை பிசகினால் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பாட்டு பிறவியில் வருவது, வராதவனுக்கு வரவே வராது என்று எப்படியோ நம்பிவிட்டோம். இந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய் என்பதை என் முதுமையில்தான் அறிந்தேன்.

எனக்குக் கிடைத்த செல்வம்

எனக்கு யாரும் இசை கற்பிக்கவில்லை. ஆயினும் என் செவியை ஊர் முழுவதும் சேர்ந்து வளர்த்தது. என் உம்மா எழுத்தறியாதவர். தாலாட்டும் முனாஜாத்தும் அவர் வாயிலிருந்து அடுக்களைப் புகையோடு சேர்ந்து வரும். விடியற்காலையில் கடற்கரைக்குச் சென்றால் கரைமடி இழுப்போர் இரண்டு வரிசையாக நின்று கயிற்றை வலிப்பார்கள். ஒருவர் குரலெடுக்க, மற்றவர்கள் ஏலேலோ என்று திருப்பிக் கூற, அந்தத் திருப்பத்தில் அத்தனை கால்களும் ஒன்றாக மணலில் பதியும். தாளம் என்பது உடம்பில் இருப்பது என்பதை நான் அங்குதான் கண்டேன். மாலையில் மாதா கோவிலிலிருந்து பிள்ளைகளின் கூட்டுப்பாட்டு காற்றில் வரும். அதற்கிடையே மோதினாரின் பாங்கொலி எழும்.

ரஜப் மாதத்தில் தக்கலைக்குப் போவோம். தென்காசியிற் பிறந்து தக்கலையில் வாழ்ந்து மறைந்த ஞானியார் பீர்முகமது அப்பா அவர்களின் நினைவு நாளில், அவர்கள் இயற்றிய ஞானப்புகழ்ச்சியை ஊர் மக்கள் இரவு முழுவதும் கூடியிருந்து பாடுவது அங்கே தொன்றுதொட்டு வரும் மரபு. நான் வாப்பாவின் மடியில் இருந்தேன். கையில் நூல் இல்லை. இருந்தாலும் வாசிக்கத் தெரியாத வயது. பெரியவர்கள் ஓர் அடியை முடிக்கும்போது அதன் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு நானும் இழுப்பேன். அடுத்த ஆண்டு கடைசி இரண்டு சொற்கள். பிறகு அரை அடி. நான் பிழையாகப் பாடியபோதெல்லாம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நூறு குரல்களுக்கு நடுவே ஒரு பிள்ளையின் பிழை மூழ்கிப்போகும். அதன் சரி மட்டும் நிலைத்து நிற்கும். பெரியோரும் சிறியோரும் கலந்து பாடுவதன் பயன் இதுவன்றோ!

நாகூர் இ.எம். ஹனிபா அவர்களை (1925–2015) அறியாத தமிழ் முஸ்லிம் இல்லம் உண்டா? அவரும் முறையாகச் சங்கீதம் கற்ற வித்துவான் அல்லர். நாகூரில் பைத்து கேட்டும் பாடியும் வளர்ந்து, பதின்பருவத்திலேயே திருமண வீடுகளில் பாடத் தொடங்கியவர். அந்தக் குரலுக்குப் பின்னே அந்த ஊரின் செவி இருந்தது.

இத்தனையும் காசின்றிப் பெற்ற நான், என் மகளுக்குக் கொடுத்தது என்ன? ஒரே ஒரு தீர்ப்பு!

நாயகம் (ஸல்) அவர்கள் ஓர் இளைஞனின் குரலைக் கேட்ட விதம்

நம் குடும்பங்களில் பிள்ளைகள் பாடினால், "இதெல்லாம் நமக்கு ஆகுமா?" என்று தயங்குவோர் உளர். இசைக்கருவிகளைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதில் தீர்ப்புக் கூற நான் யார்? ஆனால் நல்ல சொற்களைப் பிள்ளைகள் நல்ல குரலில் பாடுவதை நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வாறு நோக்கினார்கள் என்பதற்குச் சான்றுகள் உள்ளன.

பெருநாள் ஒன்றில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் பாடிக்கொண்டிருந்தனர். உள்ளே வந்த அபூபக்கர் (ரலி) அவர்கள் கடிந்துகொண்டார்கள். நாயகம் (ஸல்) அவர்களோ, இது நம் பெருநாள், அவர்களை விட்டுவிடுங்கள் என்ற கருத்தில் அவரைத் தடுத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான நிகழ்ச்சி இது.

இதனினும் என்னை உருக்கியது அபூமஹ்தூரா (ரலி) அவர்களின் வரலாறு. ஹுனைன் போருக்குப் பின் நாயகம் (ஸல்) அவர்களும் தோழர்களும் திரும்பிக்கொண்டிருந்த வழியில் பாங்கு சொல்லப்பட்டது. அப்போது இஸ்லாத்தை ஏற்றிராத இளைஞர் சிலர் அதைக் கேலியாகப் பாவித்துக் கூவினர். நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களை அழைத்துவரச் செய்து, ஒவ்வொருவரையும் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். உயர்ந்த குரலுக்குரியவர் அபூமஹ்தூரா என்று தெரிந்தது. அடித்தார்களா? வாயை அடக்கினார்களா? இல்லை! அவருடைய தலையைத் தடவி, வெள்ளிக்காசுப் பை ஒன்றையும் அளித்து, பாங்கின் சொற்களைத் தாமே ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள். கேலிக்கு எழுந்த அந்தக் குரலே பின்னர் மக்காவின் பாங்குக் குரலாயிற்று.

கேலி செய்தவனின் குரலையும் செவிகொடுத்துக் கேட்டுக் கற்பித்தார்கள் அண்ணல் நபி (ஸல்). அன்போடு பாடிய மகளின் குரலை நான் அடைத்தேன்.

திண்ணையில் கண்ட உண்மை

மகளின் சொல்லைக் கேட்ட பிறகு எனக்கு மன அமைதி இல்லை. அஸருக்குப் பின் எங்கள் வீட்டுத் திண்ணையில் கணக்குக் கேட்க வரும் அண்டைவீட்டுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் உண்டு. கணக்கு முடிந்ததும் கால்மணி நேரம் அவர்களைப் பாடச் சொல்லலானேன். அவர்களுள் ஒரு சிறுவன், எட்டு வயது. எந்த அடியைக் கொடுத்தாலும் ஒரே ஓசையில், முணுமுணுப்பதுபோல் திருப்பிச் சொல்வான். மற்ற பிள்ளைகள் அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். என் மகளைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு!

ஒருநாள் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. என் மனைவி தேநீர் கொண்டுவந்தாள். "நீ ஓர் அடி எடுத்துக் கொடு" என்றேன். அவள் பாடினாள். அந்தச் சிறுவன் அதை ஏற்ற இறக்கம் பிசகாமல் அப்படியே திருப்பிப் பாடினான்!

எனக்கு நாவெழவில்லை. பிறகு இசையறிந்த நண்பரிடம் கேட்டுத் தெளிந்தேன். ஆடவர் குரல் குழந்தையின் குரலைவிட ஏறத்தாழ ஒரு ஸ்தாயி தாழ்ந்தது. குழந்தைகளின் சுருதி பெண்களின் சுருதிக்கு அருகில் இருப்பது. தந்தையின் தாழ்ந்த குரலைக் கேட்கும் சிறு பிள்ளைகள் பலர், அதைத் தமக்கு உரிய உயரத்திற்கு மாற்றிக்கொள்ளத் தெரியாமல், எட்டாத ஆழத்திற்கு இறங்க முயன்று தடுமாறுகின்றனர். செவியில் குறையில்லை, குரலிலும் குறையில்லை, எடுத்துக் கொடுத்தவரின் சுருதிதான் பொருந்தவில்லை.

அப்படியானால் அந்தப் பெருநாளில் தவறியவள் என் மகள் அல்லள்.

முதலில் குரல், பிறகே மற்றவை

பாடும் திறன் கற்பிக்கக்கூடியது என்பதற்கு ஒரு நாடே சான்றாக உள்ளது. ஹங்கேரி நாட்டு இசைமேதை ஸோல்தான் கோடாய் (1882–1967) என்பவர், எல்லாப் பிள்ளைகளுக்கும் இசை உரியது, அதற்குரிய முதல் கருவி அவரவர் குரலே, முதல் பாடம் தாய்மொழியின் நாட்டுப் பாடல்களே என்று வற்புறுத்தினார். 1950-ஆம் ஆண்டு கெச்கெமேட் என்னும் ஊரில், நாள்தோறும் பாடுவதைப் பாடமாகக் கொண்ட தொடக்கப் பள்ளி ஒன்று உருவாயிற்று. அம்முறை பின்னர் பல நாடுகளுக்கும் பரவிற்று. 2016-இல் யுனெஸ்கோவும் அதைச் சிறந்த பாதுகாப்பு முறைகளுள் ஒன்றாக ஏற்றது.

நமக்கும் இது புதிதன்று. நாதஸ்வரம் பயில்வோரும் முதலில் வாயால் பாடிப் பழகிய பின்னரே கருவியைத் தொடுவது நம் நாட்டு மரபு. அம்மரபில் வந்து, 1998-இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற ஷேக் சின்ன மௌலானா அவர்கள் நம்மவர்தாமே!

தாலாட்டின் அருமையையும் அறிவியல் மெய்ப்பித்துள்ளது. தாயின் வயிற்றில் இறுதி மாதங்களிலேயே குழந்தையின் செவி கேட்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்கள் பிற பெண்களின் குரலைவிடத் தம் தாயின் குரலையே விரும்பிக் கேட்கின்றன என்று 1980-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று காட்டிற்று. விலையுயர்ந்த கைப்பேசியில் பாடும் இனிய குரலைவிட, தொண்டை கரகரக்கும் தாயின் குரலே குழந்தைக்கு உயர்ந்தது.

பெற்றோர்க்குச் சில சொற்கள்

திண்ணையில் நான் கற்றவற்றை உங்களுக்குக் கூறுகிறேன். இசையறிந்தோர் பிழையிருப்பின் பொறுத்தருள்க.

பிள்ளையின் சுருதியில் பாடுங்கள். உங்களுக்கு வசதியான உயரத்தில் தொடங்காதீர்கள். பிள்ளை தானாகப் பாடும்போது எந்த உயரத்தில் பாடுகிறது என்று கேட்டு, அங்கிருந்து தொடங்குங்கள். வீட்டில் தாயோ அக்காவோ எடுத்துக் கொடுப்பது இன்னும் நன்று.

சிறிய அடியாகக் கொடுங்கள். நீங்கள் ஓர் அடி, பிள்ளை ஓர் அடி. அது பாடும்போது நீங்கள் உடன் பாடாதீர்கள், கேளுங்கள். பிழை நேர்ந்தால், "தவறு" என்று சொல்லாமல் அதே அடியை இன்னும் மெதுவாக ஒருமுறை பாடிக் காட்டுங்கள். கேட்டுத் திருத்திக்கொள்வதே செவியின் வளர்ச்சி.

தாளத்தைக் கையிலும் காலிலும் கொடுங்கள். கை தட்டியும், நடந்தும், கரைமடிக்காரரைப் போல் கயிறு இழுப்பதாகப் பாவித்தும் பாடட்டும். குர்ஆன் ஓதுதல் பாட்டன்று. அதன் சட்டமும் கண்ணியமும் வேறு. ஆயினும் தஜ்வீதில் 'மத்து' என்னும் நீட்டலை இரண்டு, நான்கு, ஆறு என்று அளவறிந்து ஓதப் பழகிய பிள்ளைக்கு மூச்சை நிறுத்தவும் அளவைப் பேணவும் எளிதாக வருவதைக் கண்டேன். தமிழின் குறிலும் நெடிலும், லகர ளகர ழகர வேறுபாடும் பாடும் நாவில் விரைவில் தெளிவடைகின்றன.

உரக்கக் கத்தவிடாதீர்கள். மென்மையாகப் பாடுவதே குரலுக்கு நலம். சளி பிடித்திருக்கும்போதும் தொண்டை கட்டியிருக்கும்போதும் ஓய்வு கொடுங்கள். குரல் கரகரப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆண்பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள் குரல் உடையும். நன்றாகப் பாடிய பையன் திடீரென்று தடுமாறுவான். அது வளர்ச்சி, வீழ்ச்சியன்று. அப்போது சிரித்தால் அவன் வாழ்நாள் முழுதும் வாய் திறக்கமாட்டான். சுருதியைக் குறைத்து, சிறு பாட்டுகளாகப் பாடவையுங்கள்.

பிள்ளை விரும்பாதபோது விருந்தினர் முன் நிறுத்தாதீர்கள். பெருமை நம்முடையது, நடுக்கம் அதனுடையது. ஒலிப்பதிவைக் கேட்கச் செய்யுங்கள், பிறகு அதை அணைத்துவிட்டுப் பாடச் செய்யுங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஹனிபாவாக ஆகப் போவதில்லை, ஆக வேண்டியதுமில்லை. கணக்குக் கற்போர் அனைவரும் கணித மேதைகளாவதில்லையே! தன் குழந்தையைத் தொட்டிலில் இட்டுப் பாடும் அளவிற்கேனும் ஒவ்வொருவருக்கும் குரல் வாய்க்க வேண்டாமா?

ஓர் இரவு

திண்ணையில் நான் கண்டதை மகளிடம் கூறினேன். "அன்று பிசகியது உன் குரல் அன்று, மக்களே. சுருதி என்னுடையது, பிழையும் என்னுடையது" என்றேன். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை ஒரு தாயிடம் கேட்டேன். அவள் சிரித்து, "அதை நான் என்றோ மறந்துவிட்டேன், வாப்பா" என்றாள். மறந்தவள் பாடியிருப்பாளே என்று எண்ணிக்கொண்டேன், சொல்லவில்லை.

பல நாள் ஒன்றும் நிகழவில்லை. கைப்பேசியே பாடிற்று. என் மனைவி மட்டும், பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டும்போது என் உம்மாவின் பழைய தாலாட்டை, மகள் காதில் விழும்படி தினமும் பாடி வந்தாள். பாடு என்று ஒருமுறைகூட அவள் கூறவில்லை.

ஓர் இரவு மின்சாரம் நின்றுபோயிற்று. கைப்பேசியின் உயிரும் அடங்கியிருக்க வேண்டும். குழந்தை அழுதது. சற்று நேரம் கழித்து, இருட்டில், மிகத் தாழ்ந்த ஒரு குரல். முதலடி தவறிற்று, நின்றது, மீண்டும் தொடங்கிற்று. என் உம்மாவின் தாலாட்டேதான்! இரண்டு இடங்களில் மெட்டு மாறியிருந்தது. நான் படுக்கையில் அசையாமல் கிடந்தேன். எழுந்து சென்று பாராட்டினால் அந்தக் குரல் மீண்டும் ஒளிந்துகொள்ளுமோ என்று அஞ்சினேன். குழந்தை உடனே உறங்கிவிடவில்லை. அழுகைக்கும் பாட்டுக்கும் இடையே நெடுநேரம் போராட்டம் நடந்தது. ஆனால் மகள் நிறுத்தவில்லை. அல்ஹம்துலில்லாஹ்!

இப்போது அவள் கணவன் வீட்டில் இருக்கிறாள். பேரப்பிள்ளை தவழ்கிறதாம், தாலாட்டின் கடைசிச் சொல்லை மழலையில் இழுக்கிறதாம். தக்கலையில் வாப்பாவின் மடியில் இருந்து நான் பிடித்ததும் அந்தக் கடைசிச் சொல்லைத்தானே! நடுவில் அறுந்த கயிறு எப்படியோ முடிச்சிடப்பட்டுவிட்டது. முடிச்சு இருக்கும்தான், அதை நான் மறைக்கவில்லை.

அன்புப் பெற்றோர்களே! இன்று உங்கள் வீட்டில் ஏதேனும் ஒரு பிள்ளை பாடிக்கொண்டிருக்கலாம். பிழையாகவே பாடட்டும். கையில் உள்ள வேலையைச் சற்று நிறுத்திவிட்டுக் கேளுங்கள். "இன்னொரு முறை பாடு" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லை நான் சொல்லாமல் விட்டதனால் என் மகள் இருபது ஆண்டுகள் மௌனமாக இருந்தாள்.

நம் மக்களின் நாவுகளையும் செவிகளையும் நல்லவற்றிற்கு உரியனவாக ஆக்கியருள வல்ல அல்லாஹ்வை இறைஞ்சுகிறேன். வஸ்ஸலாம்.